ஒரு அறை புழுங்குது, ஒரு அறை விறைக்குது: ஹீற் பம்ப் வீட்டில் பிழையை எங்கே தேடுவது

பனிக்காலம் தொடங்கினால் ஹீற் பம்ப் (வெளிக்காற்றில் உள்ள சூட்டை எடுத்து வீட்டுக்குள் கொண்டுவருகிற மெஷின்) பூட்டிய வீடுகளில் இருந்து எனக்கு வருகிற அழைப்புகள் அநேகமாக ஒரே மாதிரித்தான் இருக்கும். "தம்பி, மெஷின் பழுதாப் போச்சு. கராஜுக்கு மேல இருக்கிற அறைக்குள்ள கால் வைக்கேலாமல் கிடக்கு." நானும் ஒரே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்பேன்: மற்ற அறைகள் எப்படி?

மற்ற அறைகள் சுகமாக இருந்தால் மெஷினை விட்டுவிடுங்கள். மெஷினில் பிழை என்றால் வீடு முழுக்கக் குளிரும். அது அறை பார்த்துப் பழுதாவதில்லை. ஒரு அறை மட்டும் குளிர்கிறது என்றால் மூன்றில் ஒன்று நடக்கிறது. சூட்டுக் காற்று அங்கே போதுமான அளவு போகவில்லை. அல்லது போகிற வழியில் சூட்டை இழக்கிறது. அல்லது காற்று சரியாகப் போயும் அறையால் சூட்டைப் பிடித்து வைக்க முடியவில்லை. இந்த மூன்றில் எது என்று தெரியாமல் ஆளைக் கூப்பிட்டால், வருகிறவர் மெஷினுக்குள் சுற்றுகிற காஸ் (குளிரூட்டி வாயு) குறைவு என்று சொல்லி நிரப்பிவிட்டுப் போவார். பில் வரும், அறை குளிர்ந்தபடியே இருக்கும்.

நான் சொல்வது ரொறன்ரோவைச் சுற்றியுள்ள வீடுகளைப் பற்றி. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் எங்கள் சனம் இருக்கிற வீடுகளில் அநேகமாக ஒரே அமைப்பு: பேஸ்மென்ற்றில் சூட்டுக் காற்றைத் தள்ளுகிற பர்னஸ், வெளியே ஹீற் பம்ப் பெட்டி, டக்ற் என்கிற தகரக் குழாய் வழியாக எல்லா அறைக்கும் காற்று. அந்தக் காற்று அறைக்குள் வருகிற வாய்தான் வென்ற். அரசாங்கத்தின் 5,000 டொலர் உதவித்தொகை இருந்த 2021க்குப் பிறகான காலத்தில் பூட்டிய பல வீடுகளில் பழைய பர்னஸும் டக்ற்றும் அப்படியே இருக்க, வெளியே இருந்த ஏசிப் பெட்டியை எடுத்துவிட்டு ஹீற் பம்பை வைத்திருப்பார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பர்னஸ் காலத்தில் டக்ற்றில் ஒளிந்துகிடந்த குறைகள் எல்லாம் இப்போது வெளியே வரும்.

ஏன் என்றால், எரிவாயுவில் எரிகிற காஸ் பர்னஸ் 50 டிகிரிக்கு மேற்பட்ட காற்றைக் கொஞ்ச நேரம் தள்ளிவிட்டு நின்றுவிடும். ஹீற் பம்ப் 32 முதல் 40 டிகிரி வரையான காற்றை நீண்ட நேரம் மெதுவாகத் தள்ளும். அதுதான் அதன் குணம். நிற்காமல் ஓடுகிறதே என்று பயப்பட வேண்டாம். வென்ற்றில் கையை வைத்துப் பார்த்து முடிவு கட்டவும் வேண்டாம். உங்கள் கைத்தோலின் சூடே 32, 33 டிகிரிதான். 35 டிகிரிக் காற்று வேகமாகப் பட்டால் கைக்கு ஒன்றும் தெரியாது, சில்லென்றுகூட இருக்கும். 21 டிகிரியில் இருக்கிற அறைக்கு அதே காற்று நல்ல சூடு.

ஆகவே கைக்குப் பதிலாகத் தெர்மோமீற்றர். இறைச்சியில் குத்திப் பார்க்கிற சமையல் தெர்மோமீற்றர் வென்ற்றுக்குப் போதும். அறைகளுக்கு மேசையில் வைக்கிற சின்ன டிஜிற்றல் தெர்மோமீற்றர் மூன்று நான்கு வாங்குங்கள். வாங்கியதும் எல்லாவற்றையும் ஒரே மேசையில் ஒரு மணித்தியாலம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுங்கள். மலிவுச் சாமான்கள் ஒன்றுக்கொன்று ஒரு டிகிரி கூடக் குறையத்தான் காட்டும். எது எவ்வளவு கூடக் காட்டுகிறது என்று அதன் முதுகில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு கணக்குப் பார்க்கலாம்.

வெளியே சைபருக்குக் கீழே உள்ள ஒரு நாளாகப் பாருங்கள். தெர்மோஸ்ரற்றை 21இல் விட்டு, சில மணித்தியாலம் தொடாமல் இருங்கள். கதவுகள் வழக்கமாக எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும். பிறகு மூன்று இடத்தில் அளவெடுங்கள்: பர்னஸுக்கு மிகக் கிட்ட உள்ள வென்ற், குளிர்கிற அறையின் வென்ற், காற்றை உள்ளே இழுக்கிற பெரிய கிறில். இந்தக் கடைசியை நாங்கள் ரிற்றேர்ன் என்போம். வென்ற்றில் தெர்மோமீற்றரை இரண்டு மூன்று நிமிடம் விட வேண்டும். அதோடு ரொய்லெற் பேப்பரில் ஒரு துண்டைக் கிழித்து ஒவ்வொரு வென்ற்றுக்கும் மேலே பிடியுங்கள். கிட்ட உள்ள வென்ற்றில் எவ்வளவு எழும்பி ஆடுகிறது, குளிர் அறையில் எவ்வளவு ஆடுகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது விஷயம் பிடிபட்டுவிடும். கிட்ட 35, குளிர் அறையில் 34, ஆனால் பேப்பர் சோர்ந்து கிடக்கிறது என்றால் காற்று போதவில்லை. பேப்பர் நன்றாக ஆடுகிறது, ஆனால் 28 டிகிரிதான் வருகிறது என்றால் வழியில் சூடு போகிறது. இரண்டும் சரியாக இருந்தும் அறை 17இல் நிற்கிறது என்றால் பிழை சுவரிலும் யன்னலிலும், டக்ற்றில் இல்லை.

காற்று போதாத வீடுதான் அதிகம். அதனால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் வென்ற்றிலேயே தொடங்குங்கள். கிறிலைத் தூக்கிவிட்டு உள்ளே ரோர்ச் அடித்துப் பாருங்கள். பிள்ளைகள் போட்ட சாமான், வீடு கட்டியபோது விழுந்த பலகைத் துண்டு, சுவர்த் தூள் எல்லாம் எடுத்திருக்கிறேன். சோபாவுக்கும் கட்டிலுக்கும் கீழே போன வென்ற் எங்கள் வீடுகளில் சாதாரணம். இன்னொன்று சாமியறை. விளக்கு அணைகிறது என்று அந்த வென்ற்றை அலுமினியத் தாள் சுற்றி, அதன் மேல் பாயும் விரித்திருப்பார்கள். விளக்குக்காகச் செய்தது நியாயம்தான். ஆனால் அதே அறையில் அம்மம்மாவையும் படுக்க வைத்துவிட்டு, அவவுக்குக் குளிர்கிறது என்று மின் ஹீற்றர் ஒன்றை வாங்கி வைக்கிறார்கள். தாளை எடுத்துவிட்டு, காற்றைச் சுவர்ப் பக்கம் திருப்புகிற பிளாஸ்ரிக் மறைப்பு ஒன்றை மேலே வையுங்கள். ஹாட்வேர் கடையில் சில டொலருக்குக் கிடைக்கும், காந்தத்தில் ஒட்டும். விளக்கும் எரியும், அறையும் சூடாகும்.

பாவிக்காத அறைகளின் வென்ற்றை மூடினால் மற்ற அறைகளுக்குக் கூடுதலாகப் போகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஒன்றிரண்டை மூடினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. நான்கைந்தை மூடினால் டக்ற்றுக்குள் அழுத்தம் ஏறி, மொத்தக் காற்றே குறைந்துவிடும். பர்னஸ் இதைக் கொஞ்சம் தாங்கும். ஹீற் பம்ப் தாங்காது. காற்று குறைந்தால் கொம்பிரசரின் அழுத்தம் ஏறி, தன்னைக் காப்பாற்ற அது நின்றுவிடும்.

பில்ற்றரும் அப்படித்தான். மேர்வ் என்பது பில்ற்றர் எவ்வளவு நுண்ணிய தூசைப் பிடிக்கும் என்கிற அளவெண். ஒரு அங்குலத் தடிப்பு உள்ள இடத்தில் மேர்வ் 13 பில்ற்றரைத் திணித்துவிட்டு, தூசு இல்லை என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத தூசைப் பிடிக்கிற பில்ற்றர் காற்றையும் பிடிக்கும். ஒரு அங்குல இடம்தான் இருக்கிறது என்றால் மேர்வ் 8 போடுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் 4 அங்குலப் பில்ற்றர் பெட்டி போடச் சொல்லிக் கேளுங்கள். அதில் மேர்வ் 13 போட்டாலும் மூச்சு முட்டாது. ஹீற் பம்பின் விசிறி நாள் முழுக்க ஓடுவதால் பில்ற்றரும் கெதியில் நிரம்பும். பனிக்காலத்தில் மாதம் ஒருக்கா எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். அம்புக்குறி பர்னஸைப் பார்த்து இருக்க வேண்டும்.

அடுத்தது கதவு. சூட்டுக் காற்று அறைக்குள் போக வேண்டும் என்றால் ஏற்கெனவே உள்ள காற்று வெளியே வர வழி வேண்டும். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் பல படுக்கையறைகளுக்கு ரிற்றேர்ன் இல்லை; கதவுக்குக் கீழே உள்ள இடைவெளிதான் வழி. புதுக் காப்பெற் போட்டால் அந்த இடைவெளி மறைந்துவிடும். சோதிப்பது சுலபம். கதவைச் சாத்தி வென்ற்றில் பேப்பரைப் பிடியுங்கள், பிறகு கதவைத் திறந்து பிடியுங்கள். திறந்ததும் பேப்பர் துள்ளினால் கதவுதான் குற்றவாளி. கதவின் அடியை 2 சென்ரிமீற்றர் அளவுக்கு வெட்டலாம், அல்லது கதவுக்கு மேலே சுவரில் காற்றுப் போகிற கிறில் ஒன்று வைக்கலாம். படிக்கிற பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிற அறைதான் எப்போதும் குளிரும். பிள்ளையில் பிழை இல்லை.

ரிற்றேர்ன் கிறிலுக்கு முன்னால் அலுமாரி நிற்கிறதா என்றும் பாருங்கள். மேல்மாடிச் சுவரில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கிறில் இருந்தால், பனிக்காலத்தில் கீழே உள்ளது திறந்திருக்க வேண்டும். குளிர்ந்த காற்று தரையில்தான் கிடக்கும், அதைத்தான் இழுக்க வேண்டும்.

இதெல்லாம் சரி என்றால் பேஸ்மென்ற்றுக்குப் போங்கள். பர்னஸில் இருந்து போகிற பெரிய சதுர டக்ற்றில் இருந்து வட்டக் குழாய்கள் பிரிந்து போகும். அவற்றில் டாம்பர் என்கிற தகட்டின் சின்னக் கைபிடி இருக்கும். கைபிடி குழாயின் நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. கோடை காலத்தில் மேல்மாடிக்குக் குளிர் கூடப் போகட்டும் என்று யாரோ ஒருவர் கீழ்க் குழாய்களை மூடியிருப்பார். பிறகு யாருக்கும் நினைவு இருக்காது. இதை மட்டும் திறந்துவிட்டு வந்த வீடுகள் உண்டு.

டாம்பர்களைச் சமப்படுத்தும் வேலை பொறுமை கேட்கும். முதலில் ஒவ்வொரு குழாயும் எந்த அறைக்குப் போகிறது என்று மாக்கரால் எழுதுங்கள். கைபிடி இப்போது இருக்கிற இடத்தையும் கோடு போட்டு வையுங்கள். பிறகு எல்லாவற்றையும் முழுக்கத் திறவுங்கள். ஒரு நாள் கழித்து, கூடச் சூடாக இருக்கிற அறை எதுவோ அதன் டாம்பரைக் கால்வாசி மூடுங்கள். அநேகமாக அது பர்னஸுக்கு நேர் மேலே உள்ள அறையாக இருக்கும். இன்னொரு நாள் விடுங்கள். குளிர் அறையைத் திறக்கிறதைவிட, சூட்டு அறைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவதுதான் வழி. எதையும் பாதிக்கு மேல் மூட வேண்டாம், ஒரே நாளில் இரண்டைத் தொட வேண்டாம். பேஸ்மென்ற்றுக்குச் சுவர் அடித்து வாடகைக்கு விட்டிருந்தால் டாம்பர்கள் கூரைக்குள் மறைந்திருக்கும். அப்போது வென்ற்றிலேயே உள்ள நெம்பைக் கொஞ்சம் சாய்க்க வேண்டியதுதான். இரையும், ஆனால் வேலை செய்யும்.

குழாயின் பருமனையும் ஒருக்கா பாருங்கள். 5 அங்குலக் குழாயைவிட 6 அங்குலக் குழாய் ஒன்றரை மடங்குக்கும் மேல் காற்றைக் கொண்டுபோகும். மூன்று பக்கமும் வெளிச்சுவர் உள்ள பெரிய அறைக்கு ஒரேயொரு 5 அங்குலக் குழாய்தான் போகிறது என்றால், டாம்பரைத் திருப்பித் தீராது. இன்னொரு குழாய் இழுக்க வேண்டும்.

இனி வழியில் சூடு இழக்கிற கதை. இது அநேகமாகக் கராஜுக்கு மேலே உள்ள அறைதான். அந்த அறைக்குப் போகிற குழாய் கராஜின் கூரைக்குள்ளால் போகும். அங்கே இன்சுலேஷன் சரிந்து விழுந்திருந்தால் குழாய் பனிக்காற்றில் நிற்கிற மாதிரித்தான். ஒரு கணக்குப் பாருங்கள். ஹீற் பம்பில் இருந்து 35இல் புறப்பட்ட காற்று வழியில் 6 டிகிரி இழந்து 29இல் வந்து சேர்கிறது என்று வைப்போம். 21 டிகிரி அறைக்கு 14 டிகிரி உதவி வர வேண்டிய இடத்தில் 8தான் வருகிறது. பாதிக்குக் கிட்டப் போய்விட்டது. பர்னஸ் காற்று 52இல் புறப்பட்டு அதே குழாயில் 9 டிகிரி இழந்தாலும் 43இல் வரும். 31க்கு 22 மிச்சம். பர்னஸ் இருந்தபோது அறை பரவாயில்லை, ஹீற் பம்ப் வந்த பிறகுதான் குளிர்கிறது என்று சனம் சொல்வது பொய்யில்லை. ஆனால் அதற்கு மருந்து கராஜ் கூரையில் இருக்கிறது. இன்சுலேஷன் ஆளைக் கூப்பிட்டு அந்தக் கூரைக்குள் நுரை அடிப்பது, புது மெஷின் வாங்குவதைவிடப் பலன் தரும். அறையின் தரையும் அதோடு சூடாகும்.

கண்ணுக்குத் தெரிகிற டக்ற் மூட்டுகளில் காற்றுக் கசிந்தால் அலுமினிய ரேப் ஒட்டுங்கள். டக்ற் ரேப் என்று பெயர் வைத்து விற்கிற துணி ரேப் டக்ற்றில் நிற்காது. சூட்டில் பசை காய்ந்து உரிந்துவிடும்.

அறையே சூட்டைப் பிடிக்காத கதையில் யன்னல் விளிம்பு, வெளிச்சுவரில் உள்ள பிளக் பொயின்ற், மேற்கூரைக்குப் போகிற கதவு ஆகியவற்றுக்குக் கிட்ட ரொய்லெற் பேப்பரைப் பிடித்தால், அது ஆடுவதில் கசிவு தெரியும். இதில் எங்கள் சமையலுக்கும் பங்கு உண்டு. பொரித்த மணம் போகட்டும் என்று அடுப்பு விசிறியைப் பெரிய வேகத்தில் மணிக்கணக்காக விட்டால், அது வெளியே தள்ளுகிற அவ்வளவு காற்றுக்கும் ஈடாகக் குளிர் காற்று எல்லா வெடிப்பாலும் உள்ளே வரும். சமைக்கும்போது போடுங்கள், முடிந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் நிறுத்துங்கள்.

தெர்மோஸ்ரற்றில் மூன்று விஷயம். இரவில் 17க்கு இறக்கிக் காலையில் 22க்கு ஏற்றுகிற பர்னஸ் காலத்துப் பழக்கத்தை விடுங்கள். ஹீற் பம்ப் மெதுவாகத்தான் ஏற்றும். அதற்கிடையில் கிட்ட உள்ள அறைகள் புழுங்கும், தூர அறை விறைத்தபடி இருக்கும், பொறுமையில்லாத தெர்மோஸ்ரற் துணை ஹீற்றரையும் போட்டுவிடும். ஒரே அளவில் விடுங்கள், மிஞ்சினால் ஒரு டிகிரி இறக்குங்கள். அடுத்தது, விசிறியை "ஓட்டோ"வில் இருந்து "சேர்க்குலேற்"றுக்கு மாற்றிப் பாருங்கள். மணித்தியாலத்துக்குக் கொஞ்ச நேரம் காற்றைச் சும்மா சுற்றவிடும், அறைகளுக்கிடையே உள்ள வித்தியாசம் குறையும். மூன்றாவது, தெர்மோஸ்ரற் எங்கே மாட்டியிருக்கிறது? குசினிக்குப் பக்கத்தில் என்றால் புட்டு அவிக்கிற சூட்டில் வீடு சூடாகிவிட்டது என்று நினைத்து மெஷினை நிறுத்திவிடும். கீழே பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருப்பவர்கள் விறைப்பார்கள். ரொறன்ரோவில் பனிக்காலத்தில் வாடகை வீட்டை 21 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டியது வீட்டுக்காரரின் கடமை என்பதையும் மறக்க வேண்டாம். அறைகளில் வைக்கிற சென்சர்களோடு வருகிற தெர்மோஸ்ரற் வாங்கி, ஒரு சென்சரைக் கீழேயும் ஒன்றைக் குளிர் அறையிலும் வையுங்கள்.

ஒரு விசித்திரம்: மைனஸ் 10இல் சரியாக இருக்கிற அறை, பிளஸ் 5இல் குளிர்கிறது என்று சிலர் சொல்வார்கள். அதுவும் உண்மை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற புது ரக மெஷின்கள் மிதமான நாளில் விசிறியையும் மெதுவாக ஓட்டும். அந்த மெல்லிய காற்று கிட்ட உள்ள வென்ற்றுகளிலேயே தீர்ந்துவிடும், தூர அறைக்குப் போய்ச் சேராது. விசிறியின் குறைந்தபட்ச வேகத்தை ரெக்னீசியனால் கூட்ட முடியும், கேட்டால்தான் செய்வார்.

வீடு முழுக்கக் குளிர்ந்தால் மட்டும் வெளிப் பெட்டியைப் பாருங்கள். அதில் இருந்து ஆவி எழும்புவதும், சில நிமிடம் வென்ற்றில் காற்று குளிர்வதும் பிழையில்லை. தன்மேல் படிந்த உறைபனியை உருக்குகிறது. பெட்டி முழுக்க ஐஸ் கட்டியாகி அப்படியே நின்றால்தான் பிழை. கூரைத் தண்ணீர் அதன்மேல் சொட்டுகிறதா, ஸ்னோ தள்ளும்போது அதன் பக்கம் குவித்தீர்களா என்று பாருங்கள். சுற்றிவர ஒன்றரை அடியாவது வெறுமையாக இருக்க வேண்டும். கத்தியாலோ சவளாலோ ஐஸைக் கொத்த வேண்டாம், தகடு மெல்லியது.

டக்ற் இல்லாமல் சுவரில் மாட்டுகிற மினி ஸ்பிளிற் ஹீற் பம்ப் என்றால் விஷயம் சின்னது. காற்றைத் தரைப் பக்கம் திருப்புங்கள், விசிறியைக் கூட்டுங்கள், அறைக் கதவுகளைத் திறந்து விடுங்கள். மூடிய கதவுக்குள் அதன் சூடு போகாது. அந்த அறைக்குத் தனியாக ஒன்று வேண்டும்.

இவ்வளவும் பார்த்தும் தீராவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள். வீட்டு வாசலுக்கு வந்து விற்கிறவரிடம் கையெழுத்து வைக்க வேண்டாம். ஒன்ராறியோவில் 2018இல் இருந்து அழைக்காமல் வந்து ஹீற்றிங் சாமான் விற்பதற்குத் தடை இருக்கிறது. ஹீற் பம்பின் குளிரூட்டி வாயுக் குழாயைத் தொடுகிறவரிடம் 313ஏ அல்லது 313டி (ஏசி, ஹீற் பம்ப் மெக்கானிக்) லைசென்ஸும், அந்த வாயுவைக் கையாள்வதற்கான ஓ.டி.பி. அட்டையும் இருக்க வேண்டும். நீங்கள் எடுத்த அளவுகளை அவருக்கு முதலிலேயே அனுப்புங்கள். வந்ததும் டக்ற்றின் ஸ்ரற்றிக் அழுத்தத்தை (விசிறி காற்றைத் தள்ளும்போது டக்ற்றுக்குள் ஏறுகிற அழுத்தத்தை) அளந்து, எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். இதை அங்குல நீர் என்ற அளவில் சொல்வார்கள். அநேக பர்னஸுகளுக்கு 0.5 அங்குலம் உச்ச வரம்பு, 0.8, 0.9 என்று வந்தால் டக்ற் அல்லது பில்ற்றர் நெரிக்கிறது. அதை அளக்காமலே காஸ் குறைவு என்று தொடங்கினால், எங்கே கசிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். அது மூடிய குழாய். ஓட்டை இல்லாமல் காஸ் குறையாது.